கேட்காமல் விட்ட கேள்வி

டெல்லி கணேஷ் 2024 நவம்பரில் காலமானார். இப்போதும் டிவியில் அவர் படம் ஓடினால் எனக்கு ஒரு மாலைப்பொழுதுதான் நினைவுக்கு வரும்.

சில வருடங்களுக்கு முன்பு மயிலாப்பூரில் ஒரு சிறிய ஹாலில் அவரை மேடையில் உட்காரவைத்துப் பேட்டி கண்டார்கள். ஆறரை மணிக்கு ஆரம்பம் என்றால் நம்மைப் போன்ற பென்ஷன்காரர்கள் ஐந்தே முக்காலுக்கே போய் ஃபேனுக்கு அடியில் இடம் பிடித்துவிடுவோமே! நானும் மனைவியும் மூன்றாவது வரிசை. கேட்பதற்காக ஒரு கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

'விமானப்படை வேலையை விட்டுவிட்டு நடிக்க வந்தீர்களே, பயமாக இல்லையா?'

காரணம் உண்டு. எழுபதுகளில் ஆபீஸ் மனமகிழ் மன்ற நாடகங்களில் நானும் நடித்தவன். ஒரு நாடகக் குழுவில் சேரச் சொல்லி அழைப்புகூட வந்தது. "கால் காசானாலும் கவர்மெண்ட் காசு. அதைக் கெடுத்துக்காதே" என்றார் அப்பா. நான் போகவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் நாற்பது வருடமாக இந்தக் கதையைத்தான் சொல்லி வந்தேன்.

பேட்டி சுவாரசியமாகப் போயிற்று. 1964-இல் தொடங்கிப் பத்து வருட விமானப்படை வாழ்க்கை, டெல்லியில் தட்சிண பாரத நாடக சபா, பிறகு சென்னையில் காத்தாடி ராமமூர்த்தி குழு, பாலசந்தரின் 'பட்டினப் பிரவேசம்' என்று வரிசையாக வந்தது. 'சிந்து பைரவி'யின் மிருதங்கக்காரர் குருமூர்த்தியைப் பற்றிப் பேச்சு வந்ததும் ஹாலே கை தட்டியது.

நடுவில் மைக் மக்கர் செய்தது. அமைப்பாளர்கள் அங்குமிங்கும் ஓடினார்கள். அவரோ மைக்கைக் கீழே வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசினார். கத்தவில்லை. கடைசி வரிசை வரை கேட்டது. மேடை நாடகத்தில் பழகிய குரல் அல்லவா!

அந்தக் குரலைக் கேட்டபோது எனக்குள் ஏதோ உறுத்தியது. எங்கள் கடைசி நாடகத்தில் இரண்டாவது காட்சியில் எனக்கு வசனம் மறந்துபோனது. பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். காதில் விழுந்தது, ஆனால் குரல் வரவில்லை. திரையை இறக்கிவிட்டார்கள். நாடகக் குழுவின் அழைப்புக் கடிதம் அதற்கு முன்பே வந்து, பதில் போடாமல் கிடந்தது. அப்பா சொன்ன வார்த்தை எனக்கு வசதியாகப் போயிற்று. அவ்வளவுதான் விஷயம். பாவம், பழி மட்டும் அவர் தலையில்.

கேள்வி நேரம் வந்தது. "கேளுங்களேன்" என்று மனைவி முழங்கையால் இடித்தாள். நான் எழுந்திருக்கவில்லை. அவருக்குப் பயம் இருந்ததா என்று தெரிந்துகொண்டு எனக்கு என்ன ஆகப்போகிறது? பயந்தவன் நான்.

வீடு திரும்பும்போது ஆட்டோவில் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருந்தாள்.

"எனக்குத் தெரியுமே. கல்யாணமான புதுசு, அன்னிக்கு முதல் வரிசையில நான்தானே உட்கார்ந்திருந்தேன்" என்றாள்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலே?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."