கேஸ் போயிடுச்சு சார்!

உங்க வீட்டு ஏ.சி. குளுகுளுன்னு காத்து தருதா? அவசரப்பட்டு 'ஆமாம்' சொல்லாதீங்க. நான் கேட்பது உங்க ரூம் ஏ.சி. பற்றி இல்லை. வீட்டில் வயசானவங்க படுத்திருக்கிற ரூமின் ஏ.சி. பற்றி.

கத்திரி ஆரம்பித்துப் பத்து நாள் இருக்கும். ராத்திரி செல்போன் சார்ஜரைத் தேடி அம்மா ரூமுக்குள் போனேன். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கழுத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் விசிறியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, ஏ.சி. வேலை செய்யலையா?"

"காத்து வருதேப்பா... போதும்."

காத்து வந்தது, வாஸ்தவம்தான். வெறும் ஃபேன் காத்து. எத்தனை நாளா இப்படி என்றேன். "ஒரு வாரம் இருக்கும். நீயே வேலை வேலைன்னு ஓடிட்டிருக்கே. இதுக்கு வேற செலவா?" என்றார். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிற 74 வயசு. வயசானால் தாகம்கூட சரியாகத் தெரியாது, வெயில் காலத்தில் கவனமாக இருக்கணும் என்று ஊருக்கெல்லாம் எழுதியவன் நான். பக்கத்து ரூமில் ஒரு வாரமாக ஜில்லுனு தூங்கியவனும் நானே!

மறுநாள் போன் போட்டதும் சர்வீஸ் ஆள் வந்தார். ஏ.சி.க்கு நேரே கையை நீட்டினார். ஒரே நிமிஷம். "கேஸ் போயிடுச்சு சார். ஃபில் பண்ணணும். 3,500 ஆகும்."

போன வருஷமும் இதே வசனம். நான் பி.காம். படித்தவன். ஒரே செலவு வருஷா வருஷம் வந்தால் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். "போன வருஷம் போட்ட கேஸ் எங்கேங்க போச்சு?" என்றேன்.

"ஓட ஓடக் குறையும் சார். பெட்ரோல் மாதிரி."

நம்புகிற மாதிரியே இருக்கு, இல்லையா? எனக்கு என்னவோ உறுத்தியது. விசிட்டிங் சார்ஜைக் கொடுத்து அனுப்பிவிட்டு, தெருமுனையில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணனைக் கூட்டி வந்தேன்.

அவர் முதலில் ரிமோட்டைத்தான் கேட்டார். 'கூல்' மோடில்தான் இருக்கா, தெரியாமல் 'ஃபேன்', 'டிரை' என்று மாறியிருக்கா என்று பார்த்தார். "பாதி கம்ப்ளெய்ன்ட் இதுலயே முடிஞ்சிடும் சார்." அடுத்து ஃபில்டர். கழற்றினால், கம்பளி மாதிரி தூசி. "வெளி யூனிட் எங்க இருக்கு?"

பால்கனிக்குக் கூட்டிப் போனேன். அங்கேதான் மானம் போச்சு. யூனிட்டின் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தள்ளி, இடுப்பு உயரத்துக்குப் பழைய பத்திரிகைக் கட்டுகள். எடைக்குப் போட மனசு வராமல் நான் அடுக்கியவை. எல்லாவற்றிலும் என் கட்டுரை!

அண்ணன் பாடம் எடுத்தார். ஏ.சி. குளிரைத் தயாரிப்பதில்லை. ரூமில் இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. கொட்டிய சூடு பேப்பர் கட்டில் முட்டித் திரும்பினால், யூனிட் அதையே மறுபடி உள்ளே இழுக்கும். சூடு தாங்காமல் கம்ப்ரஸர் அடிக்கடி நின்றுவிடும். உள்ளே ஃபேன் மட்டும் சுற்றும்.

"அப்போ கேஸ்?"

"அது மூடின குழாய்க்குள்ளயே சுத்தி வர்றது சார். எரிஞ்சு தீர்றதுக்கு பெட்ரோலா? குறைஞ்சா எங்கேயோ லீக்னு அர்த்தம். லீக்கை அடைக்காம கேஸ் அடிக்கிறது, பஞ்சர் ஒட்டாம சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி."

குழாய் ஜாயின்ட்டில் எண்ணெய்க் கசிவு இருக்கா என்று தடவினார். சோப்பு நுரை வைத்துப் பார்த்தார். முட்டை விடவில்லை. மெயின் ஸ்விட்சை அணைத்து, ஃபில்டரைக் கழுவி, வெளி யூனிட்டின் தகடுகளில் இருந்த அழுக்கைத் தண்ணீர் பீய்ச்சி எடுத்தார். கட்டுகளை நான் சுமந்தேன். மறுபடி போட்டு அரை மணி நேரத்தில் தடித்த குழாய் ஜில்லென்று வேர்த்தது. ஏ.சி. உள்ளே இழுக்கிற காத்துக்கும் வெளியே விடுகிற காத்துக்கும் 8லிருந்து 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் கவலையில்லை என்றார். கூலி 600 ரூபாய்.

போன வருஷம் 3,500 கொடுத்து சரியானது கேஸாலா, கூடவே ஃபில்டரைக் கழுவியதாலா? இப்போது சந்தேகமாக இருக்கிறது. நிஜமாகவே லீக் இருந்தால் செலவு செய்யத்தான் வேண்டும். ஆனால் 'லீக் எங்கே, காட்டுங்க' என்று கேளுங்கள். கம்ப்ரஸர் ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் அது கரன்ட் சமாசாரம். நாம் கை வைக்கக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை. 1902ல் வில்லிஸ் கேரியர் நவீன ஏ.சி.யை வடிவமைத்தது மனுஷனுக்காக இல்லை. நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், ஈரக் காற்றால் பேப்பர் விரிந்து சுருங்கிக் கலர் அச்சு பிசகியது. அதைச் சரிசெய்யத்தான். பேப்பரைக் காப்பாற்றப் பிறந்த மெஷினை நான் பேப்பரை வைத்தே மூச்சுத்திணற வைத்திருக்கிறேன்!

அன்று ராத்திரி 24ல் வைத்துவிட்டு வாசலில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல்: "குளிருதுடா, அந்தப் போர்வையை எடு."

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஃபில்டரைக் கழுவணுமாம். ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கிவிட்டேன். பெரிய வேலையில்லை, பத்து நிமிஷம்தான். அந்தச் சாக்கிலாவது அம்மா ரூமில் கொஞ்ச நேரம் நிற்கலாமே!