ஒன்பதாவது கேள்வி

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன்களில் என் ஆய்வுக்காக நான் நிரப்பிய படிவங்கள் சிலவற்றில் ஒன்பதாவது கட்டத்தில் இருக்கும் பூஜ்யம் பொய். கேட்காமலே போட்டது.

பி.எச்.கியூ-9 என்ற அந்தப் படிவம் மனச்சோர்வை அளப்பது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று கடந்த இரண்டு வாரத்தில் தோன்றியதா என்பது. மற்ற எட்டிலும் மதிப்பெண் குறைவாக இருந்தாலும், இதில் 1 விழுந்தாலே உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

பயிற்சி இல்லாமல் செய்த பிழை என்று தப்பிக்க வழியில்லை. நம் நாட்டில் முனைவர் பட்டம் மட்டும் ஒருவரை மருத்துவ உளவியலாளர் ஆக்கிவிடாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த எம்.ஃபில். போன்ற பயிற்சியை முடித்துப் பதிவு செய்ய வேண்டும். அதை முடித்துவிட்டுத்தான் ஆய்வுக்கு வந்தேன். அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்பதால் சாகும் எண்ணம் புதிதாக முளைக்காது என்று பரீட்சையில் எழுதியவள் நான்.

கேட்டால் தொழிலாளர்கள் மனசு நோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அன்றைய வேலை அங்கேயே நின்றுவிடும். ஆய்வு வழிகாட்டிக்குப் போன், மனநல மருத்துவரிடம் அனுப்ப ஏற்பாடு, வீட்டில் யாரிடம் சொல்வது என்ற பேச்சு. கொழுந்தை எடை போட்டுவிட்டு அவர்கள் வீடு திரும்புவதற்கும் என் கடைசி பஸ்ஸுக்கும் நடுவே கிடைப்பது கொஞ்ச நேரம். எனக்கு வேண்டியிருந்தது எண்ணிக்கை.

ஒரு அம்மா. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து அனுப்பப்பட்டு, தாயகம் திரும்பியோருக்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த குடும்பம். தூக்கம், பசி, அசதி என்று எட்டையும் கேட்டு முடித்தேன். அவர் தாளை எட்டிப் பார்த்தார். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்.

“இன்னும் ஒண்ணு இருக்கே பாப்பா, அதக் கேக்கல?”

“அது உங்களுக்கு வேண்டியதில்லம்மா.”

அவர் வற்புறுத்தவில்லை. அடுப்பைப் பார்க்க எழுந்து போனார். நான் பூஜ்யம் போட்டேன்.

அடுத்த வாரம் திரும்பப் போய்க் கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்று டீ கொடுத்தார். அவர் கேட்கச் சொன்னபோது கேட்காதவளிடம் வேறென்ன சொல்வார்? அந்தப் பதிலை நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. மனநல மருத்துவர் வரும் நாளை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கேட்காமல் நிரப்பிய படிவங்களையெல்லாம் ஆய்விலிருந்து எடுத்துவிட்டேன். வழிகாட்டி காரணம் கேட்டார். பூர்த்தியாகாதவை என்றேன்.