சூப்பர் ஷாட் சார்!

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஒரு பி.காம். பட்டதாரிக்கு கோல்ஃப் மைதானத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். செக் புத்தகம் தூக்குகிற வேலை.

2016-ல் நான் சென்னையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்ட். (கம்பெனி பேர் வேண்டாம். மைதானத்தின் பேரும் வேண்டாம். இரண்டு இடத்திலும் என்னைத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) எங்கள் டைரக்டர் வார நாட்களில் ஊரில் இருக்க மாட்டார். ஊரில் இருந்தாலும் சீட்டில் இருக்க மாட்டார். அதனால் சப்ளையர்களுக்குப் போக வேண்டிய செக்குகள் எல்லாம் சனிக்கிழமை காலையில், அவர் பந்து அடித்துப் பழகுகிற இடத்தில், ஒரு சிமெண்ட் பெஞ்சின் மேல் கையெழுத்தாகும். அந்த டியூட்டிக்கு ஆபீஸில் யாரும் போட்டி போடவில்லை. புரொபேஷனில் இருந்தவன் நான் ஒருத்தன்தான். அதனால் நான்.

டைரக்டர் அடிப்பதைப் பார்க்க எப்போதும் மூன்று நாலு பேர் நிற்பார்கள். எங்களிடம் ஆர்டர் எதிர்பார்க்கிறவர்கள், பில் பாக்கி இருக்கிறவர்கள். அவர் ஸ்டிக்கைத் தலைக்கு மேல் கொண்டுபோய் 'ஹூம்' என்று ஒரு சத்தத்துடன் விளாசுவார். பந்து நேராகத்தான் கிளம்பும். கொஞ்ச தூரம் போனதும் வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்தது ஞாபகம் வந்தது போல சட்டென்று வலது பக்கம் வளைந்து, வேப்ப மரங்களுக்குள் புகுந்துவிடும். கோல்ஃபில் இதற்கு ஸ்லைஸ் என்று பேர்.

"சூப்பர் ஷாட் சார்!" என்பார்கள் நாலு பேரும்.

வாரா வாரம் ஒரு காரணம் இருக்கும். காற்று. ஈரப் புல். பந்து செய்த கம்பெனி. முந்தின ராத்திரி பிரியாணி. ஒரு வாரம் புது டிரைவர் வாங்கிவந்தார். (டிரைவர் என்றால் கார் ஓட்டுகிறவர் அல்ல, பையில் இருப்பதிலேயே நீளமான ஸ்டிக்.) 'பிசினஸ் பிரமோஷன்' என்ற தலைப்பில் அதற்கு வவுச்சர் போட்டவன் நான். என் மூன்று மாதச் சம்பளம். புது டிரைவரிலும் பந்து அதே வேப்ப மரத்துக்குத்தான் போனது. முன்னைவிட இருபது கஜம் தள்ளி.

அவருடைய பையைத் தூக்கும் கேடிக்கு ஐம்பது வயசு இருக்கும். பன்னிரண்டு வயசில் பை தூக்க வந்தவர். திங்கட்கிழமை மெம்பர்கள் வராத நாள். அன்றைக்குக் கேடிகள் ஆடலாம். மெம்பர்கள் கழித்துப்போட்ட ஸ்டிக்குகளை வைத்துக்கொண்டு இந்த அண்ணன் ஆடும் ஆட்டத்தைப் பற்றி மற்ற கேடிகள் பேசிக் கேட்டிருக்கிறேன்.

"பெங்களூர் முனியப்பாவும் கேடிதான் தம்பி. 2009-ல இண்டியன் ஓப்பன் ஜெயிச்சாரு. அதுக்கு முன்னாடி 1991-ல டெல்லி அலி ஷேர். அவரும் நம்ம ஜாதிதான்" என்பார். ஜாதி என்று அவர் சொன்னது பை தூக்குகிற ஜாதியை.

டைரக்டர் செக்குகளில் கையெழுத்துப் போட்டுவிட்டு பரிவாரத்துடன் காபிக்குப் போனால் வர அரை மணியாகும். வாளியில் பத்துப் பதினைந்து பந்து மிச்சம் இருக்கும். "அடி தம்பி. செக்ரட்டரி இப்ப வர மாட்டாரு" என்று ஒரு நாள் ஏழாம் நம்பர் ஸ்டிக்கை என் கையில் கொடுத்தார்.

முதல் அடி காற்றுக்கு. இரண்டாவது பூமித்தாய்க்கு. மூன்றாவதில் பந்து கோலிக்குண்டு மாதிரி உருண்டு இருபது அடி தள்ளி நின்றது. எனக்குத் தெம்பு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அண்ணன் பந்தைப் பார்க்கவே இல்லை. என் இடது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பந்தத் தூக்கி வுடப் பாக்கறே. அது உன் வேலை இல்ல. ஸ்டிக்கோட மூஞ்சியப் பாரு, சாஞ்சிருக்கு இல்ல? தூக்கறது அதோட வேலை."

ஏழாம் நம்பரின் முகம் முப்பது டிகிரி வாக்கில் சாய்ந்திருக்கும். ஸ்டிக் கீழ்நோக்கி வந்து அடித்தாலே பந்து மேலே ஏறும். நம் புத்திக்குத்தான் இது ஏறுவதில்லை. கடைசி நிமிஷத்தில் சாம்பாரில் அடியில் கிடக்கும் காயை அள்ளுகிற மாதிரி வலது கையால் அள்ளுகிறோம். இடது மணிக்கட்டு பின்னால் மடங்கிவிடுகிறது. ஸ்டிக்கின் தலை கையை முந்திக்கொண்டு ஓடுகிறது. அப்புறம் மண், இல்லாவிட்டால் கோலிக்குண்டு.

என் ஃபைலில் இருந்த ஆறு இஞ்ச் ஸ்டீல் ஸ்கேலை உருவினார். இடது கை வாட்ச் ஸ்ட்ராப்புக்குள், புறங்கை மேல் படுக்கிற மாதிரி செருகினார்.

"இப்ப ஸ்டிக்கத் தூக்கு."

தூக்கினேன். ஸ்கேலின் முனை புறங்கையில் சுருக்கென்று குத்தியது.

"குத்துதா? குத்தாம தூக்கு."

அந்த ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு நாலைந்து சனிக்கிழமைகளில் அவர் சொல்லிக்கொடுத்ததை, எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். மணிக்கட்டுக்கு இரண்டு விதமான மடக்கு உண்டு. ஆணி அடிக்கச் சுத்தியலைத் தூக்கும்போது கட்டை விரல் நம்மை நோக்கி வருகிறதே, அது ஒன்று. அந்த மடக்கு தாராளமாக இருக்கலாம். அடியின் வேகம் அங்கேதான் சேர்கிறது. இறங்கும்போது அதைச் சீக்கிரம் அவிழ்த்துவிடாமல் வைத்திருந்தால், பந்துக்கு வரும்போது ஸ்டிக் சாட்டை மாதிரி வரும். இன்னொரு மடக்கு, முன்னும் பின்னும். இதுதான் திசை. டிராஃபிக் போலீஸ்காரர் 'நில்!' என்று கை காட்டும்போது புறங்கை பின்னால் மடங்கி மணிக்கட்டில் சுருக்கம் விழுகிறது இல்லையா? வலது கைக்காரர் ஒருவர் ஸ்டிக்கை உச்சிக்குக் கொண்டுபோன நிலையில் இடது கை அப்படி மடங்கினால் ஸ்டிக்கின் முகம் திறந்துகொள்ளும். பந்து வலது பக்கம் போகப் பார்க்கும். நேர்மாறாக, சோற்றை உருட்டி வாய்க்குக் கொண்டுபோகிற மாதிரி உள்பக்கம் மடங்கினால் முகம் மூடிக்கொள்ளும். பந்து இடது பக்கம். ஸ்கேல் ஒட்டினாற்போலத் தட்டையாக இருந்தால் நடுவாந்திரம்.

"உன் புறங்கை எந்தப் பக்கம் பாக்குதோ, ஸ்டிக்கோட மூஞ்சியும் அந்தப் பக்கம்தான் பாக்கும். அவ்ளோதான் கோல்ஃபு" என்றார்.

பந்தும் ஸ்டிக்கும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், ஒரு வினாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் எதையும் திருத்த முடியாது. எல்லாம் முன்னாலேயே சரியாக இருக்க வேண்டும், ஆடிட்டர் வருவதற்கு முன் லெட்ஜர் டேலி ஆகியிருக்க வேண்டிய மாதிரி. இந்த உவமை மட்டும் என்னுடையது.

"அப்படின்னா நம்ம டைரக்டருக்கு..." என்று இழுத்தேன்.

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, டைரக்டரின் பையில் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து நாலாக மடித்த ஜெராக்ஸ் ஒன்றைக் காட்டினார். பென் ஹோகனின் ரகசியம் பற்றிய கட்டுரை. முக்கியமான வரிகளுக்குக் கீழே சிவப்புப் பேனாவில் கோடு.

"இத்தப் படிச்சதிலேர்ந்து வேணும்னே கைய ஒடிக்கறாரு தம்பி."

அன்று ராத்திரி ஹோகனைப் பற்றித் தேடிப் படித்தேன். 1912-ல் டெக்ஸாஸில் பிறந்தவர். சின்ன வயசில் ஃபோர்ட் வொர்த் நகரத்தில் கேடி வேலை பார்த்தவர்! 1949-ல் அவருடைய கார் மேல் பஸ் நேருக்கு நேர் மோதி, மறுபடி நடப்பாரா என்றே சந்தேகப்பட்டார்கள். அடுத்த வருஷமே யு.எஸ். ஓப்பனை ஜெயித்தார். 1953-ல் பெரிய போட்டிகளில் மூன்றை ஒரே வருஷத்தில் ஜெயித்தார். இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஆரம்ப காலத்தில் இருந்த வியாதி, பந்து இடது பக்கம் வளைந்து ஓடுவது. ஹூக் என்பார்கள். அதற்கு அவரே கண்டுபிடித்த வைத்தியம்தான் ரகசியம்: இடது கைப்பிடியைக் கொஞ்சம் மாற்றிப் பிடித்து, உச்சியில் இடது மணிக்கட்டைப் பின்பக்கமாக லேசாக மடக்குவது. ஸ்டிக்கின் முகம் திறந்துகொள்ளும். அப்புறம் எவ்வளவு பலமாக அடித்தாலும் பந்து இடது பக்கம் ஓடாது. 1955 ஆகஸ்டில் லைஃப் பத்திரிகை பணம் கொடுத்து வாங்கி இதை வெளியிட்டது. சுமாராக ஆடுகிறவர்களுக்கு இது உதவாது, மோசமாக ஆடுகிறவர்களை இன்னும் கெடுத்துவிடும் என்று ஹோகனே அதில் எச்சரித்திருந்தார். அந்த வரிக்குக் கீழே எங்கள் டைரக்டர் கோடு போடவில்லை.

வியாதி ஹோகனுக்கு. மருந்தைக் குடித்தவர் எங்கள் டைரக்டர். ஏற்கெனவே வலது பக்கம் போகிற பந்தை மெனக்கெட்டு இன்னும் வலது பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார்!

அந்த ஜூனில் டஸ்டின் ஜான்சன் யு.எஸ். ஓப்பன் ஜெயித்தார். அவருக்கு உச்சியில் இடது மணிக்கட்டு நன்றாக உள்பக்கம் வளைந்திருக்கும், ஹோகனுக்கு நேர் எதிர். இதில் யார் சரி என்று அண்ணனிடம் கேட்டேன்.

"ரெண்டு பேரும்தான். மேல எப்படி வேணா வெச்சுக்கட்டும். பந்தத் தொடற நேரத்துல பாரு, நல்லா ஆடறவன் எவனுக்கும் இடது கை பின்னால ஒடிஞ்சிருக்காது."

"இதை டைரக்டர்கிட்ட சொல்லலாமே அண்ணே?"

"பத்து வருஷமாப் பாக்கறேன் தம்பி. அவரு என்னைக் கேக்கலியே." கொஞ்சம் நிறுத்தி, "ஒரு தபா வாயத் தொறந்தேன். 'நீ பையத் தூக்கு'ன்னாரு. தூக்கறேன்" என்றார்.

இதற்குள் என் புரொபேஷன் ஆறு மாதம் முடிந்து, இன்னும் மூன்று மாதம் நீட்டியிருந்தார்கள். வீட்டில் அப்பா ரிடையர் ஆகியிருந்தார். 'பர்மனெண்ட் ஆயிட்டியாப்பா?' என்று வாரம் ஒரு முறை கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே லேட்டாக வீட்டுக்குப் போவேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. பரிவாரத்தில் யாரும் வரவில்லை. டைரக்டர் வரிசையாக எட்டுப் பந்தை வேப்ப மரத்துக்குக் கொடுத்துவிட்டு, ஸ்டிக்கைக் கீழே எறிந்தார். என்னைப் பார்த்து, "வாட் மேன்? என்னய்யா தப்பு பண்றேன் நான்?" என்றார். என்னிடம் கேட்கவில்லை. ஆகாயத்திடம் கேட்டார். நான்தான் அங்கே நின்றேன்.

"சார், உங்க லெஃப்ட் ரிஸ்ட் பின்னால மடங்குது சார். ஃபேஸ் ஓப்பன் ஆயிடுது. ஹோகன் மெத்தட் ஹூக் அடிக்கறவங்களுக்கு சார்."

சொல்லி முடித்ததும் எனக்கே பகீரென்றது. வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் ஸ்கேலை எடுத்து அவருடைய வாட்ச் ஸ்ட்ராப்புக்குள் செருகினேன். பல லட்ச ரூபாய் வாட்ச். என் கை நடுங்கியது. முதல் பந்து இடது பக்கம் எங்கேயோ போனது. இரண்டாவதில் மண் பறந்தது. மூன்றாவது கிளம்பியது பாருங்கள்... நேராக, நேராக, வேப்ப மரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் 150 கஜம் போர்டுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

டைரக்டர் சின்னப் பையன் மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பை ஆபீஸில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"எங்கய்யா கத்துக்கிட்டே இதெல்லாம்?"

ஆறடி தள்ளி அண்ணன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. பந்து விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இண்டர்நெட்ல படிச்சேன் சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்துவிட்டேன். அண்ணன் பேரைச் சொன்னால் அவருக்கு ஏதாவது சிக்கல் வருமோ, செக்ரட்டரிக்குத் தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்றெல்லாம் பிற்பாடு எனக்கு நானே காரணம் தயாரித்துக்கொண்டேன். டைரக்டரின் பிரியாணி மாதிரிதான் அதுவும். அந்த நிமிஷத்தில் என் மண்டையில் இருந்தது கன்ஃபர்மேஷன் லெட்டர் ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை அது வந்துவிட்டது. சம்பளத்தில் இரண்டாயிரம் உயர்வு. அப்பா சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் படித்தார்.

அடுத்த சனிக்கிழமை பரிவாரம் முழுக்க ஆஜர். "நம்ம அக்கவுண்ட்ஸ் பையன் கண்டுபிடிச்சான்யா! பத்து வருஷமா எவனும் சொல்லல!" என்று டைரக்டர் என் முதுகில் தட்டினார். நாலு பேரும் என்னை ஒரு புது மரியாதையுடன் பார்த்தார்கள். அண்ணன் துண்டால் டிரைவரின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் காபிக்குப் போனார்கள். ஒரு ஐந்நூறு ரூபாயை மடித்து அண்ணன் கையில் வைத்தேன். ஏதோ சொல்லவும் ஆரம்பித்தேன். அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மெம்பர்களுக்கு வைக்கிற அதே சல்யூட்டை எனக்கு வைத்தார்.

"பால் அடிக்கிறீங்களா சார்?"

ஏழாம் நம்பரை எடுத்து, கைப்பிடியைத் துடைத்து, என்னிடம் நீட்டினார். வாட்சில் ஸ்கேல் இல்லை. ஸ்டிக்கைத் தூக்கினேன். இறங்கும்போது வலது கை அள்ளுவதும் இடது மணிக்கட்டு ஒடிவதும் எனக்கே தெரிந்தது. பந்து கோலிக்குண்டு மாதிரி உருண்டு இருபது அடி தள்ளி நின்றது.

திரும்பி அண்ணனைப் பார்த்தேன்.

"சூப்பர் ஷாட் சார்" என்றார்.