மழை மறைவில் ஒரு மலைச்சுற்று

பாலை நிலத்தைக் காண வேண்டுமெனில் வளைகுடா நாடுகளுக்குத்தான் செல்ல வேண்டுமென்று எண்ணுகிறீர்களா? கோவை உக்கடத்திலிருந்து காலையில் புறப்படுங்கள். நண்பகலுக்குள் அதன் சாயலை நீங்கள் கண்டுவிடலாம். அதே நாள் மாலையில் கம்பளி போர்த்தும் குளிரிலும் நிற்கலாம்.

உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி சுமார் 40 கி.மீ. தென்னந்தோப்புகள் இருமருங்கும் நிழல் விரிக்கின்றன. அங்கிருந்து உடுமலைப்பேட்டை சென்று தெற்கே திரும்பினால் மூணாறு சாலை. ஒன்பதாறு சோதனைச் சாவடியைக் கடந்ததும் பசுமை மெல்ல விடைபெறுகிறது. முட்செடிகளும், கள்ளியும், வெயிலில் வெந்த பாறைகளுமே கண்ணில் படுகின்றன. இதுவே 1984-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சின்னார் வனம். சாம்பல்நிற அணிலும் நட்சத்திர ஆமையும் இங்கு வாழ்கின்றன.

கேரளம் என்றாலே மழைதானே, இங்கு ஏன் இந்த வறட்சி என்று நீங்கள் வினவலாம். அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவிலேயே தன் நீரையெல்லாம் கொட்டிவிடுகிறது. மலையைக் கடந்து இறங்கும் காற்றில் ஈரம் இருப்பதில்லை. இதனையே மழை மறைவுப் பகுதி என்பர். மூணாற்றில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மி.மீ. மழை; 60 கி.மீ.க்கும் குறைவான தொலைவிலுள்ள சின்னாரிலோ 500 மி.மீ. அளவே. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்ததே பாலை என்று நம் முன்னோர் கருதினர். அக்கருத்தின் நுட்பம் இங்கு விளங்கும்.

இவ்வறண்ட காட்டினூடே பாம்பாறு ஓடுகிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் மூன்று ஆறுகளுள் இதுவும் ஒன்று. இது சின்னாற்றுடன் கலந்து அமராவதி அணையை நிரப்பி, உடுமலை, தாராபுரம், கரூர் வட்டார வயல்களை வாழ்விக்கிறது.

மறையூரில் சந்தன மரக்காடுகளும், கரும்பாலைகளில் காய்ச்சும் உருண்டை வெல்லமும் புகழ் பெற்றவை. மேலேறினால் தேயிலைத் தோட்டங்கள். இரவிகுளம் பூங்காவில் வரையாடுகளைக் காணலாம். 2695 மீட்டர் உயர ஆனைமுடியும் அங்கேதான் உள்ளது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. அக்கணக்கில் அடுத்த முறை 2030.

இவ்வழகுக்கு விலையும் உண்டு. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மூணாற்றின் மலை ரயில் பாதையையே அழித்தது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்புகளை மூடியது. காணாமற் போனோரையும் சேர்த்து மாண்டோர் 70 பேர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். நாம் நாள்தோறும் அருந்தும் தேநீருக்குப் பின்னால் இம்மக்களின் வாழ்வு இருக்கிறது. பச்சைக் கம்பளமாய் விரிந்த தோட்டங்களைப் படமெடுக்கும் வேளையில், அச்சரிவுகளில் கூடை சுமக்கும் பெண்களையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

மறுநாள் தேவிகுளம், பூப்பாறை வழியே போடிமெட்டுக்கு வாருங்கள். ஏலக்காய்த் தோட்டங்களின் நிழல் முடிந்ததும் தேனிச் சமவெளி காலடியில் விரியும். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க இறங்க வெப்பம் எதிர்கொண்டு வரும். போடி, தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பழநி என்று பழநிமலையை வலம் வந்து, உடுமலை வழியாக உக்கடம் திரும்பலாம். இரண்டு நாட்களேனும் ஒதுக்குதல் நலம்.

சில குறிப்புகள்: சின்னார் வனத்தைப் பகலிலேயே கடந்துவிடுங்கள், யானைகள் நடமாடும் இடம். வழியில் வண்டியை நிறுத்திச் சமைக்கவோ, விலங்குகளுக்கு உணவிடவோ வேண்டாம். பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். கடும் மழைக்காலத்தில் மலைப்பாதைகளில் மண் சரியக்கூடும். நிலைமையை விசாரித்த பின்னரே புறப்படுங்கள். உடுமலையிலும் மூணாற்றிலும் பள்ளிவாசல்கள் இருப்பதால் தொழுகைக்குத் தடையில்லை.

ஒரு மலை தடுத்தால் ஒருபுறம் பெருமழை, மறுபுறம் பெருவறட்சி. நீரின் அருமையைப் பிள்ளைகளுக்கு உணர்த்த இதனினும் சிறந்த பாடம் வேறில்லை. அவர்களை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்!