கேரக்டர் சரியில்லைனு பேர் வாங்கின பையனை டீம்ல எடுக்கலாமா? (த்ரெட்)

1/ "பையன் செம பிளேயர் டாக்டர். ஆனா கேரக்டர் சரியில்லனு பேரு. எடுக்கலாமா?" ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் டீம் நடத்துற கோச்சுங்க என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி. ஒவ்வொருத்தருக்கா சொல்றதைவிட ஒரு த்ரெட்டா எழுதிடறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ நமக்குத் தெரிஞ்ச ஆள்ல ஆரம்பிப்போம். அம்பத்தி ராயுடு. 2002-ல, 17 வயசுல, ஆந்திராவுக்கு எதிரான ஒரே ரஞ்சி மேட்ச்ல 210, அப்புறம் அவுட் ஆகாம 159. 2004 அண்டர்-19 உலகக் கோப்பையில இந்திய கேப்டன். அதுக்கப்புறம் ஹைதராபாத் கிரிக்கெட்ல சண்டை, மனக்கசப்பு. 2007-ல ஐசிஎல் போனார், பிசிசிஐ கதவைச் சாத்துச்சு. 22 வயசுலயே "வீணாப்போன திறமை"ங்கிற முத்திரை.

3/ 2009-ல ஐசிஎல் ஆட்களுக்குப் பொதுமன்னிப்பு. 2010-ல மும்பை இந்தியன்ஸ் எடுத்தாங்க. எட்டு சீசன், மூணு கோப்பை. 2018-ல நம்ம சிஎஸ்கே 2.2 கோடிக்கு எடுத்தாங்க. அந்த சீசன்ல மட்டும் 602 ரன். இங்கயும் மூணு கோப்பை.

4/ கோபம் போயிடுச்சா? இல்லையே! 2019 உலகக் கோப்பைக்கு எடுக்காதப்போ போட்ட 3டி கண்ணாடி ட்வீட் ஞாபகம் இருக்கும். ஜூலையில ஓய்வு, ஆகஸ்ட்ல வாபஸ். ஆள் அதே ஆள்தான். டீம் அவரை அந்தக் குணத்தோட சேர்த்தே வச்சுக்கிச்சு.

5/ ஆனா கோபம் வேற, போதை வேற. அதுக்கு ஒரு பேஸ்பால் கதை. ஜோஷ் ஹாமில்டன். 1999-ல அமெரிக்கா முழுக்க நடந்த டிராஃப்ட்ல முதல் ஆளா எடுக்கப்பட்டவர். 2001-ல கார் விபத்து, காயம். ஆட முடியாம இருந்த காலத்துல சேர்க்கை மாறி, குடி, கொக்கெய்ன். 2004-ல தடை. வருஷக்கணக்கா ஆட்டமே இல்லை.

6/ 2006 டிசம்பர்ல சின்சினாட்டி ரெட்ஸ் 1 லட்சம் டாலருக்கு வாங்கினாங்க. பையனை மட்டும் எடுக்கல. சின்ன வயசுல இருந்து அவரைத் தெரிஞ்ச ஜானி நாரன்ங்கிற கோச்சைக் கூடவே வச்சாங்க. டூர் போறப்போ கைச்செலவுக் காசுகூட நாரன்கிட்டதான். அடுத்து டெக்சாஸ் ரேஞ்சர்ஸ். அங்கயும் நாரன் வந்தார். 2010-ல அமெரிக்கன் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருது. டீம் ஜெயிச்சப்போ அவருக்காக ஷாம்பெயினுக்குப் பதிலா ஜிஞ்சர் ஏல் பீய்ச்சிக் கொண்டாடினாங்க.

7/ இதுக்கு நடுவுல 2009-லயும், அப்புறம் 2012, 2015-லயும் சறுக்கல். "பாத்தீங்களா, திருந்தல"ம்பாங்க. போதை அடிமைத்தனம் சுகர், ஆஸ்துமா மாதிரி திரும்பத் திரும்ப வரக்கூடிய வியாதி. சுகர் ஏறினா மருந்தை மாத்துவோம், பேஷன்ட்டைத் துரத்த மாட்டோம். இங்கயும் அதே கணக்குதான்.

8/ இப்போ நம்ம ஏரியா. 19 வயசு வேகப்பந்து வீச்சாளர் (அடையாளம் மாத்தியிருக்கேன்). முட்டி ஜவ்வு கிழிஞ்சு ஆபரேஷன். திரும்ப ஆட ஒன்பது மாசமாவது ஆகும். மூணாவது மாசம் டீம் வாட்ஸ்அப் குரூப்ல இருந்து எடுத்துட்டாங்க. கூல் லிப், அப்புறம் குடி. திரும்பி வந்தப்போ பிராக்டிஸ்ல சண்டை. "திமிர் பிடிச்சவன்"னு பேரு. காயத்துக்கு பிசியோ பாத்தோம். அந்த ஒன்பது மாசம் அவன் சாயங்காலம் எங்க போனான்னு யாரும் பாக்கல.

9/ கெட்ட பேரு எப்படியெல்லாம் வரும்னு பாருங்க. 2019-ல பிரித்வி ஷாவுக்கு, 19 வயசுல, ஊக்கமருந்து விவகாரத்துல 8 மாசத் தடை. சிக்கினது டெர்ப்யூட்டலின். நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்ல விக்கிற பல இருமல் சிரப்ல இருக்கிற மருந்து. தெரியாமச் சாப்பிட்டதுன்னு பிசிசிஐயே ஏத்துக்கிச்சு. ஆனா "டோப்பிங்"ங்கிற வார்த்தை அவ்வளவு சீக்கிரம் அழியாது. போட்டி ஆடுற பசங்க இருமலுக்குக்கூட டாக்டர்கிட்ட "நான் பிளேயர்"னு சொல்லிட்டு மருந்து வாங்குங்க.

10/ சரி, எடுக்கலாமா? என் பதில்: எடுங்க, நாலு விஷயத்தோட.
• பேரைக் கேக்காதீங்க, என்ன நடந்துச்சுன்னு கேளுங்க.
• அவன் மதிக்கிற ஒரு அண்ணனைப் பொறுப்பா போடுங்க. பத்து பேர் அட்வைஸ் வேண்டாம்.
• விதி எல்லாருக்கும் ஒண்ணு. நூறு அடிச்சவனுக்கும் பிராக்டிஸ் ஏழு மணின்னா ஏழு மணி.
• காயம்பட்டாலும் கிரவுண்டுக்கு வரச் சொல்லுங்க. ஸ்கோர் எழுதட்டும், குரூப்ல இருக்கட்டும்.

11/ ஒரு எல்லைக்கோடு. பொண்ணுங்களைத் துன்புறுத்தினவன், ஆளை அடிச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினவன்னா அது "கேரக்டர்" மேட்டர் கிடையாது, குற்றம். அதுக்கு போலீஸ் இருக்கு. டீம்ல இருக்கிற மத்த பசங்களோட பாதுகாப்பும் உங்க பொறுப்புதான். விக்கெட் எடுக்குறான்ங்கிறதுக்காக மூடி மறைக்காதீங்க.

12/ போதை, தூக்கமின்மை, தற்கொலை எண்ணம் எதுவா இருந்தாலும் டெலி மானஸ் 14416. இலவசம், தமிழ்லயே பேசலாம், 24 மணி நேரமும். நேர்ல பாக்கணும்னா கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கு. நம்பரை உங்க டீம் குரூப்ல இன்னைக்கே பின் பண்ணி வைங்க. அந்த வேகப்பந்து வீச்சாளரைக் குரூப்ல திரும்பச் சேர்த்தாச்சு. மீதியை அவனும் கோச்சும் பாத்துப்பாங்க.