வீட்டுக்கும் நம்பர், படகுக்கும் நம்பர்

இந்தத் தடவை பூநாரையைப் பற்றி யாரும் எழுத வேண்டாம், போன மூணு இதழிலும் அதுதான் வந்தது என்று தமிழ் ஐயா சொல்லிவிட்டார். அதனால் நான் வண்டியைப் பற்றி எழுதுகிறேன். படகைப் பற்றியும் எழுதுவேன். இரண்டும் ஒரே விஷயம்தான், படிச்சா தெரியும்.

இந்த வருஷம் பொங்கல் முடிந்து, பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் போற ரோட்டோரம் ஒரு பெரிய கேரவன் இரண்டு நாள் நின்றதே, ஞாபகம் இருக்கா? ஏதோ ஷூட்டிங் என்று நினைத்து எட்டாம் வகுப்புப் பசங்க எல்லாம் ஓடினார்கள். நடிகர் யாரும் இல்லை. ஜெர்மனியில் இருந்து வந்த வயசான தம்பதி. அவர்களும் பூநாரை பார்க்கத்தான் வந்தார்கள் (ஐயா மன்னிக்கவும்). 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள் என்று பாடத்தில் படித்திருக்கிறோம், அதனால் வெளிநாட்டுக்காரர்கள் வருவது நமக்குப் புதுசில்லை. ஆனா வீட்டோடு வந்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. உள்ளே கட்டில், மடக்கு மேசை, கேஸ் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், பாத்ரூம். கூரை மேல சோலார் பலகை. ஸ்டியரிங் இடது பக்கம். நம்பர் பிளேட்டில் நீலக் கோடு போட்டு 'டி' என்று ஒரு எழுத்து.

எங்க பாட்டி மீன் விற்றுவிட்டு அந்த வழியா வந்தது. ரொம்ப நேரம் நின்று பார்த்துட்டு, "வீட்டை ஓட்டிக்கிட்டு ஊர் ஊரா போறாங்களே, வீட்டு வரி எந்தப் பஞ்சாயத்துல கட்டுவாங்க?" என்று கேட்டது. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏன்னா கேள்வி சரியான கேள்வி.

எங்க மாமா காட்டுப்பள்ளி துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் செய்கிற ஒருவரிடம் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது விடாமல் கேட்டேன். அவர் சொன்னது இது. அந்த வண்டியைக் கப்பலில் ஏற்றி மும்பையில் இறக்கியிருப்பார்கள். இங்கே அதைப் பதிவு செய்யவில்லை, வரியும் கட்டவில்லை. அதுக்குப் பதிலா 'கார்னே' என்று ஒரு புத்தகம் வைத்திருப்பார்கள். மனுஷனுக்குப் பாஸ்போர்ட் மாதிரி வண்டிக்கு அது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று துண்டு இருக்கும். நாட்டுக்குள் நுழையும்போது சுங்கத்துறை முத்திரை குத்தி ஒரு துண்டைக் கிழித்துக்கொள்ளும். வெளியே போகும்போது இன்னொரு துண்டு. மூன்றாவது புத்தகத்திலேயே நிற்கும். வெளியே போன முத்திரை இல்லை என்றால் வண்டியை இங்கேயே விற்றுவிட்டதாக எடுத்துக்கொண்டு முழு வரியையும் கேட்பார்கள். அதுக்கு ஜாமீன் நிற்பது அவங்க நாட்டு மோட்டார் சங்கம். ஜெர்மனியில் அதன் பேர் ஏ.டி.ஏ.சி. ஆறு மாசம் வரைக்கும் அப்படி ஓட்டலாம்.

2022-இல் இதற்குத் தனியாக விதிகளே போட்டிருக்கிறது நம்ம மத்திய அரசு. வண்டியின் பதிவுச் சான்று, லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் வண்டியில் இருக்கணும். வேறு பாஷையில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேணும். உள்ளூர் ஆட்களையும் சரக்கையும் ஏற்றக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. நம்ம பசங்க "ஒரு ரவுண்டு, ஒரு ரவுண்டு" என்று கெஞ்சியபோது அந்த அம்மா தலையை ஆட்டி மறுத்தார்களே! "ரொம்ப கர்வம்" என்று சிலர் திட்டினார்கள். அவர்கள் விதியைத்தான் கடைப்பிடித்திருக்கிறார்கள்.

சரி, அந்த வண்டியை நாமே விலைக்கு வாங்கி, நம்ம ஊர் நம்பர் போடணும்னா? மாமா சிரித்துவிட்டார். முதலில், பழைய வண்டி என்றால் செய்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கணும், அதனால் இந்த வண்டி அங்கேயே ஃபெயில். பழைய வண்டி மும்பை துறைமுகம் வழியாகத்தான் வரலாம். பக்கத்திலேயே எண்ணூரில் காமராசர் துறைமுகம் இருக்கிறது, 2010-இல் இருந்து அங்கே கப்பல் கப்பலாகப் புதுக் கார்களை வெளிநாட்டுக்கு ஏற்றுகிறார்கள். ஆனா பழைய வண்டி ஒண்ணு அந்த வழியாக உள்ளே வர முடியாது. பழைய வண்டிக்குச் சுங்க வரி வண்டியின் விலையை விட அதிகம். அதாவது ஒரு வண்டி வாங்க இரண்டு வண்டிக்கு மேல் காசு.

அதுக்கு அப்புறம்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸ். படிவம் 20, சுங்கத்துறை கொடுத்த ரசீது, இன்சூரன்ஸ் எல்லாம் கொடுக்கணும். சேஸிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடுப்பார்கள். நாம சின்ன வயசில் காசு மேல பேப்பர் வைத்துத் தேய்ப்போமே, அதே மாதிரி. மோட்டார் வாகன விதியில் கேரவனுக்கு இலக்கணம் கூட இருக்கிறது. உட்கார இருக்கையும் மேசையும், படுக்க இடம், சமைக்க வசதி, பொருள் வைக்க இடம், இவ்வளவும் உள்ளே இருக்கணும். எங்க வீட்டில் மேசை இல்லை. அதனால் எங்க வீடு கேரவன் ஆகாது.

பணக்காரர்களுக்கும் இது சுலபம் இல்லை. நடிகர் விஜய் 2012-இல் இங்கிலாந்தில் இருந்து ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் கார் இறக்குமதி செய்தார். சுங்க வரி கட்டிய பிறகும், தமிழ்நாட்டின் நுழைவு வரி கட்டாமல் பதிவு செய்ய முடியாது என்று சொன்னதால் வழக்குப் போட்டார். 2021 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்து ஒரு லட்சம் அபராதம் போட்டது. அந்த அபராதத்துக்கு உடனே தடை கிடைத்தது, அவரைப் பற்றித் தீர்ப்பில் எழுதிய கடுமையான வார்த்தைகளையும் 2022 ஜனவரியில் நீக்கிவிட்டார்கள். பசங்க சண்டைக்கு வராதீங்க, நடந்ததைத்தான் எழுதினேன். பேப்பர் சரியாக இல்லாமல் நம்பர் கிடைக்காது, அதுக்காகச் சொன்னேன்.

இப்போ எங்க கதை.

நம்ம ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தண்ணியில் கோடு தெரியாது, ஆனா பேப்பரில் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்க அப்பா அந்தப் பக்கத்தில் ஒருத்தரிடம் பழைய ஃபைபர் போட் எஞ்சினோடு வாங்கினார். வெள்ளைப் பேப்பரில் ஸ்டாம்ப் ஒட்டி எழுதியது மட்டும்தான் ஆதாரம். படகில் ஏ.பி. என்று பாதி அழிந்த எழுத்து இருந்தது. "தெரிஞ்ச ஆளு, ஏமாத்த மாட்டாரு" என்றார் அப்பா. அவர் ஏமாற்றவும் இல்லை. பில்லைத் தரவும் இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. கட்டி வைத்த படகு கயிறு அறுந்து கல்லில் மோதி, ஒரு பக்கம் வாய் பிளந்துவிட்டது. சேதம் எழுத வந்தவர்கள் முதலில் கேட்டது பதிவு நம்பர். பக்கத்துப் படகுக்கு எழுதினார்கள், எங்களுக்கு எழுதவில்லை. அம்மாவின் செயின் பேங்குக்குப் போனது. படகைச் சரி செய்தாலும் வரி இல்லாத டீசல் கிடையாது, வெளியே பங்க்கில் முழு விலைக்குத்தான் வாங்கணும். மீன் குறைவாகப் படுகிற நாளில் டீசல் காசு கூடத் தேறாது. "வித்துட்டு ஏதாவது கம்பெனிக்கு கான்ட்ராக்ட் வேலைக்குப் போயிடறேன்" என்று அப்பா ராத்திரி அம்மாவிடம் சொன்னதை நான் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு கேட்டேன். எங்க அப்பாவுக்குக் கடலைத் தவிர வேறு வேலை தெரியாது.

நம்பர் எதுக்கு இவ்வளவு முக்கியம் என்று சமூக அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். 1983-இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டப்படியே படகைப் பதியணும். 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் தீவிரவாதிகள் குபேர் என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தி அதில்தான் வந்தார்கள். அதற்கப்புறம் நாடு முழுக்கப் படகுகளை ஒரே முறையில் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தார்கள். ராமேஸ்வரம் படகைப் பிடித்தார்கள் என்று செய்தி வரும்போது 'ஐ.என்.டி. டி.என். 10 எம்.எம்.' என்று போடுகிறார்களே, அதுதான் அந்த நம்பர்.

மே மாதம், தடைக்காலத்தில் அப்பா வீட்டில் இருந்தபோது, "வாங்கப்பா, போய்க் கேட்போம்" என்று நானே கூட்டிக்கொண்டு போனேன். ஆந்திராவில் பழைய பதிவை ரத்து செய்த பேப்பர், படகு பில், எஞ்சின் பில், ஆதார், போட்டோ வேணும் என்றார்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். விற்றவரைத் தேடி சூளூர்ப்பேட்டை பக்கம் மூணு தடவை பஸ்ஸில் போனார் அப்பா. மூணாவது தடவை அவர் வீட்டுச் சாமி அலமாரியில், காலண்டருக்கு அடியில் இருந்து பில் கிடைத்தது! ரத்து பேப்பருக்கும் அவரே கூட வந்து கையெழுத்துப் போட்டார்.

அதுக்கப்புறம் எஞ்சின் நம்பர். பில்லில் கடைசி எழுத்து மேல எண்ணெய்க் கறை. எஞ்சினில் துரு. மண்ணெண்ணெய் ஊற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் அது 3-ஆ 8-ஆ தெரியவில்லை. அண்ணன் 3 என்றான், அப்பாவும் 3 என்றார். எனக்கு மாமா சொன்னது ஞாபகம் வந்தது. ரஃப் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து மேலே வைத்து, பென்சிலைப் படுக்க வைத்து மெதுவா தேய்த்தேன். 8. இடது பக்க வளைவு லேசா வெள்ளையா விழுந்தது. 3 என்று எழுதியிருந்தால் பில்லும் எஞ்சினும் ஒத்துப்போகாது, மறுபடி முதலில் இருந்து அலைச்சல்.

ஆய்வாளர் சார் கரைக்கே வந்து டேப் பிடித்து அளந்தார். அப்பாவைப் படகு பக்கத்தில் நிற்க வைத்து போட்டோ எடுத்தார். அப்பா கல்யாண போட்டோ மாதிரி விறைப்பா நின்றார். போன மாதம் நம்பர் வந்தது. அண்ணன் அட்டையில் எழுத்து வெட்டி இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்தான். ஒவ்வொரு எழுத்தாகச் சரி பார்த்தது நான். நடுவில் வருகிற எம்.ஓ. என்றால் மோட்டார் பொருத்திய படகு என்று அப்பாவுக்குச் சொன்னேன்.

டீசல் இன்னும் வரவில்லை, அதுக்குத் தனியா ஒரு புத்தகம் தரணுமாம். வருகிற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்குக் கணக்குப் பரீட்சை, அதனால் அப்பா மட்டும் போகிறார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

— 9-ஆம் வகுப்பு மாணவி