தேதித்தாளின் பின்பக்கம்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. உள்ளே தினசரி காலண்டர் தாள்கள். முன்பக்கம் தேதி, நல்ல நேரம், ராகு காலம். பின்பக்கம் அண்ணனின் கையெழுத்தில் கேள்விகள். எல்லாமே சென்னை சூப்பர் கிங்ஸ் பற்றியவை.

அப்பா சிவகாசியில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் பைண்டிங் வேலை பார்த்தார். ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வெளியானால் மார்கழி வரை காலண்டர் வேலை ஓயாது. கட்டிங்கில் கோணலாகப் போன தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். அதனால் ஊருக்கெல்லாம் வருவதற்கு நாலைந்து மாதம் முன்பே அடுத்த வருஷம் எங்கள் திருத்தங்கல் வீட்டுக்கு வந்துவிடும். 2008-ல் நடந்த மேட்ச்களை அண்ணன் 2009-ன் தேதிகளுக்குப் பின்னால்தான் எழுதி வைத்தான்.

அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. பத்தாவதோடு நிறுத்திவிட்டு பட்டாசு வேலைக்குப் போனவன். நான் பிளஸ் டூ எழுதிவிட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் காத்திருந்தேன். ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரித்ததும் ஆரம்பிப்பான்.

"சிஎஸ்கேக்கு மொத செஞ்சுரி யாருடா?"

"மைக் ஹஸ்ஸி. மொஹாலில, பஞ்சாப்கூட. 116 நாட் அவுட்."

"டீம் ஸ்கோரு?"

"240."

"தேதி?"

அங்கேதான் மாட்டுவேன். 2008 ஏப்ரல் 19. அவனுக்குத் தேதி முக்கியம். தேதி இல்லாத பதிலுக்கு அரை மார்க்தான்.

அவனுடைய ஆள் தோனி இல்லை, லட்சுமிபதி பாலாஜி. ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக் பாலாஜியுடையது. 2008 மே 10, சேப்பாக்கம், பஞ்சாபுக்கு எதிராக. அதே பாலாஜிதான் மூன்று வாரம் கழித்து, ஜூன் 1 அன்று, ராஜஸ்தானுடனான ஃபைனலில் கடைசி ஓவரைப் போட்டார். கடைசிப் பந்தில் தோற்றோம். "ஜெயிச்ச தேதியை எல்லாரும் எழுதி வைப்பான். தோத்த தேதியையும் எழுதுறவன்தான் ரசிகன்" என்பான்.

சனிக்கிழமைச் சம்பளத்தில் வீட்டுச் செலவு. தீபாவளி போனஸில் என் செமஸ்டர் ஃபீஸ். நாலு வருஷமும் அப்படித்தான். இதற்கு அவன் எந்தத் தாளிலும் கணக்கு எழுதியதில்லை.

2011 மே 28 ஃபைனல் சேப்பாக்கத்தில். முதல் ஓவரிலேயே கெயிலை அஸ்வின் டக் அவுட் ஆக்கினார். அண்ணன் இரண்டு விரலை மடித்து நாக்குக்கு அடியில் வைத்து அடித்த விசில், தெருக்கோடியில் இருந்த சித்தப்பா வீடு வரை கேட்டதாம். எனக்கு இன்றுவரை விசில் வராது. எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்தான், வெறும் காற்றும் எச்சிலும்தான் வந்தது.

2015 ஜூன் மாதம். தீபாவளி ஆர்டர் ஏறிக்கொண்டிருந்த நேரம். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஏழு பேர் மருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். உராய்வில் தீ. இரண்டு பேர் அங்கேயே போய்விட்டார்கள். அண்ணனுக்கு இரண்டு கைகளும் முழங்கை வரை. மதுரையில் தீக்காய வார்டு. நான் புனேயில் புது வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு வாரம் லீவு போட்டு வந்து, திரும்பிப் போனேன்.

ஜூலை 14 அன்று லோதா கமிட்டியின் தீர்ப்பு வந்தது. சூதாட்ட விவகாரத்தில் சிஎஸ்கேயும் ராஜஸ்தானும் இரண்டு வருஷம் சஸ்பெண்டு. போன் பண்ணினேன். அம்மா போனை அவன் காதில் வைத்தாள். கட்டுப் போட்ட கையால் பிடிக்க முடியாது.

"கேள்விப்பட்டேன்டா. நான் எந்திரிக்கிற வரைக்கும் நிப்பாட்டி வச்சிருக்காங்க" என்றான். சிரித்தானா என்று தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

அடுத்த இரண்டு சீசன்களில் தோனி புனே அணிக்கு ஆடினார். ரெய்னா குஜராத் லயன்ஸுக்கு கேப்டன். நான் புனேயில் இருந்தேன், அதனால் புனேக்கு மாறினேன். ஜெர்சிகூட வாங்கினேன். அண்ணன் அந்த இரண்டு வருஷமும் ஐபிஎல்லே பார்க்கவில்லை. ஒட்டிப்போன விரல்களைப் பிரிக்க இரண்டு ஆபரேஷன், அப்புறம் மெழுகு ஒத்தடம், ரப்பர் பந்தை அமுக்கும் பயிற்சி. டின்னுக்குள் 2016-க்கும் 2017-க்கும் ஒரு தாள்கூடக் கிடையாது. அணி ஆடவில்லை என்பதால் மட்டுமல்ல, அவனால் பேனா பிடிக்க முடியவில்லை.

2018-ல் அணி திரும்பி வந்தது. ஏப்ரல் 7, வான்கடே, பிராவோ 30 பந்தில் 68. சேப்பாக்கத்தில் ஒரே ஒரு மேட்ச்தான் நடந்தது. காவிரிப் போராட்டத்தால் மீதி ஹோம் மேட்ச்களைப் புனேக்கு மாற்றினார்கள். சென்னையிலிருந்து ரசிகர்களுக்குத் தனி ரயிலே விட்டார்கள். அண்ணன் போன் பண்ணினான்.

"டீமே உன் ஊருக்கு வந்துருச்சு போல?"

அவன் ஸ்டேடியத்தில் ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை. அடுத்து அவன் என்ன கேட்க வருகிறான் என்று எனக்குத் தெரியும். அவன் கேட்கும் முன்பே, "டிக்கெட் கெடைக்கலண்ணே" என்றேன்.

என்னிடம் இரண்டு டிக்கெட் இருந்தது.

இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. ஆபீஸ் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து போவதாக ஏற்பாடு. அண்ணன் வந்தால் அந்தக் கைகளைப் பார்ப்பார்கள். என்ன ஆச்சு என்பார்கள். சொன்னால், "உங்க ஃபேமிலி பட்டாசு ஃபேக்டரிலயா வேலை செய்யுது?" என்பார்கள். அவ்வளவுதான் காரணம். ஏப்ரல் 20 அன்று கஹுஞ்சே மைதானத்தில் வாட்சன் ராஜஸ்தானுக்கு எதிராக 106 அடித்தார். என் பக்கத்து சீட்டில் ஒரு டீம் லீட் உட்கார்ந்திருந்தார். போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். அண்ணன் லைக் போட்டிருந்தான்.

போன வருஷம் எங்கள் கிளையண்ட் பக்கத்திலிருந்து ஒருவர் தினமும் காலில் வருவார். விஸ்கான்சின்காரர், கிரீன் பே பேக்கர்ஸ் பைத்தியம். அமெரிக்கன் ஃபுட்பால் எனக்கு அ, ஆ தெரியாது. ஆனால் அவர் சொல்லும் துணுக்குகள் பிடிக்கும். லட்சம் பேர் வாழும் சின்ன ஊர் கிரீன் பே. 1919-ல் அங்கே ஒரு இறைச்சி பேக்கிங் கம்பெனியில் கிளார்க்காக இருந்தவர் முதலாளியிடம் 500 டாலர் வாங்கி ஜெர்சி தைத்தார். அதனால் அணிக்குப் பேக்கர்ஸ் என்று பேர். அந்தக் கம்பெனி சீக்கிரமே கை மாறிப் போய்விட்டது. தொழிலாளியின் பேர் மட்டும் நின்றுவிட்டது. இன்றும் அணிக்கு முதலாளி கிடையாது, பங்கு வாங்கிய ரசிகர்கள்தான் சொந்தக்காரர்கள்.

ஒருநாள் என்னிடம் கேட்டார். 1967 டிசம்பர் 31, டல்லாஸுடன் ஃபைனல், அன்று என்ன குளிர் தெரியுமா? பூஜ்ஜியத்துக்குக் கீழே 25 டிகிரி. நடுவர்களின் விசில் உதட்டில் ஒட்டிக்கொண்டதாம். "எங்கப்பா அங்கே இருந்தார். தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த மீட்டிங்கில் என்ன பேசினார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை.

அவருக்கு அந்த 25 டிகிரி ஒரு ஸ்கோர் இல்லை. அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாள். அண்ணன் ஏன் தேதிக்கு அரை மார்க் வைத்திருந்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் டைரி கிடையாது. அவன் வேலைக்குச் சேர்ந்த தேதி எந்த ரெஜிஸ்டரில் இருந்தது என்று, நஷ்டஈட்டுக்கு அலைந்தபோதுகூட யாராலும் காட்ட முடியவில்லை. ஹஸ்ஸி செஞ்சுரி அடித்தபோது நான் காலேஜில் சேரவில்லை. கெயில் அவுட் ஆனபோது அவனுக்குக் கை நன்றாக இருந்தது. மற்றவர்கள் பொது அறிவுக்குப் படிக்கிற துணுக்குகளில் அவன் எங்கள் குடும்பத்தின் வருஷங்களை எழுதி வைத்திருக்கிறான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது டின்னை இறக்கினேன். அண்ணன் இப்போது டீக்கடை வைத்திருக்கிறான். வலது கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஓரளவு மடங்கும், கண்ணாடி டம்ளரை அவற்றால் பிடிக்கிறான். கேள்வியெல்லாம் நான் கேட்டேன், அவன் பதில் சொன்னான். 2023 ஃபைனல்?

"அகமதாபாத். மழையால ஒருநாள் தள்ளிப்போச்சு. கடைசி ரெண்டு பந்துல பத்து ரன்னு. ஜடேஜா சிக்ஸு, ஃபோரு. முடியும்போது தேதி மே 30 ஆயிருச்சு. பிரியா அப்ப அஞ்சு மாசக் கொழந்தை, சத்தத்துல முழிச்சு அழுதுச்சு."

பிரியா என் மகள். அன்று ராத்திரி நாங்கள் ஊரில் இருந்தது எனக்கே மறந்திருந்தது.

"சரி, நான் ஒண்ணு கேக்குறேன்" என்றான். "2018. புனேல ராஜஸ்தானோட மேட்ச்சு. வாட்சன் எவ்வளவு?"

கொஞ்ச நேரம் கழித்து, "106" என்றேன்.

"தேதி?"

"ஏப்ரல் 20." பிறகு சொன்னேன். "அண்ணே, அன்னிக்கு எங்கிட்ட ரெண்டு டிக்கெட் இருந்துச்சு."

அவன் பாலைக் கிளறிக்கொண்டே இருந்தான். "தெரியும்டா. போட்டோல பக்கத்து சீட்டு ஆளு சிஎஸ்கே ஜெர்சியே போடல" என்றான்.

ஒரு டம்ளரில் டீயை ஊற்றி நீட்டினான். சூடு தாங்காமல் நான் உடனே கீழே வைத்தேன். அவன் விரல்களுக்கு அந்தச் சூடு தெரிவதில்லை.

வரும் சீசனுக்குச் சேப்பாக்கத்தில் இரண்டு டிக்கெட் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். தேதியை எழுதி வைக்க அம்மாவிடம் தாள் கேட்டான்.